ஆந்த்ரோ எடுப்பதற்கு முன் ஒரு வம்சாவளி வரைந்து பாருங்கள்

மானிடவியல், அதாவது ஆந்த்ரோபாலஜி (சுருக்கமாக ஆந்த்ரோ), படிக்கிறேன் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "யுபிஎஸ்சிக்கா?" தப்பான கேள்வி இல்லை. அந்தத் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் தலா 250 மதிப்பெண்ணுக்கு 2 தாள், சிலபஸ் சின்னது, படம் போட்டு மார்க் வாங்கலாம், இன்ஜினியரிங் முடித்தவரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். எம்.ஏ.வில் சேர்கிறவர்களில் பலர் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். கீழடிச் செய்திகளைப் பார்த்துவிட்டு மண்ணைத் தோண்டும் ஆசையில் வருகிறவர்களும் உண்டு. (தொல்லியலுக்குத் தனிப் படிப்பு இருக்கிறது என்று முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் புண்ணியம்.) மிச்சப்பேருக்கு இது 'பழங்குடி பற்றிய படிப்பு'.

சிலபஸ் சின்னது என்பது பாதி உண்மை. ஒரு கூட்டத்தில் ஒரு மரபணு எத்தனை பேரிடம் இருக்கும் என்று கணக்குப் போடும் ஹார்டி–வைன்பெர்க் விதி வந்ததும் கலைப் பிரிவு மாணவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். உறவுமுறை வந்தால் இன்ஜினியர் கொட்டாவி விடுவார். இரண்டும் ஒரே பாடம் என்பதை கோச்சிங் நோட்ஸ் காட்டுவதில்லை.

நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைத்துவிடும் அரிவாள் செல் நோயின் மரபணு முதன்முதலில் பதிவானது அங்குள்ள பழங்குடியினரிடம், 1952இல். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒரு கூட்டத்தில் 100 பேருக்கு ஒருவர் நோயாளி என்று வைப்போம். அந்த மரபணுவின் விகிதம் 0.1 (0.1 × 0.1 = 0.01). நோயில்லாமல் அதைச் சுமப்பவர்கள் 2 × 0.9 × 0.1, அதாவது 100க்கு 18 பேர். தேர்வில் இதற்கு முழு மார்க். ஆனால் யார் யாரை வேண்டுமானாலும் மணக்கலாம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. சின்னக் கூட்டம், உள்ளுக்குள்ளேயே திருமணம், அதிலும் நெருங்கிய முறையில் என்றால் கணக்கு பிசகும். விதி சொல்வதைவிட நோயாளிகள் கூடுதலாகப் பிறப்பார்கள். எவ்வளவு கூடுதல் என்று தெரிய, யார் யாருக்கு என்ன முறை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும்.

அந்த வேலைக்கு வழி காட்டியவர் ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901–02இல் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களிடம் வேலை செய்தவர். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற சில சொற்களை மட்டும் வைத்து வம்சாவளியைப் பெயர் பெயராக வாங்குவார். பிறகுதான் "இவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்பார். "அண்ணன் தம்பி எத்தனை பேர்?" என்று நேரடியாகக் கேட்டால் பெரியப்பா, சித்தி பிள்ளைகளும் சேர்ந்து வருவார்கள், வரைபடம் குழம்பும். தோடர்களிடம் 'அப்பா' என்ற சொல்லிலேயே சிக்கல் இருந்தது. அப்போது அவர்களிடம் சகோதரர்கள் பலருக்கு ஒரே மனைவி. கர்ப்ப காலத்தில் வில்லும் அம்பும் கொடுக்கிற சடங்கைச் செய்தவரே தந்தை. சமூகத் தந்தை வேறு, உயிரியல் தந்தை வேறு என்று குறிக்காமல் விட்டால் உங்கள் மரபணுக் கணக்கு அங்கேயே போச்சு.

தமிழ் மாணவருக்கு இதில் கைவசம் ஒரு சொத்து உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871இல் அமெரிக்கப் பூர்வகுடிகளான செனகாக்களின் உறவுச் சொற்களோடு பொருத்திப் பார்த்தது தமிழைத்தான். மாமா வேறு, சித்தப்பா வேறு. மாமன் மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கை. நமக்கு இது பேச்சு வழக்கு. ஆனால் நம் மாணவர்களே களக்குறிப்பேட்டில் 'அங்கிள்', 'கசின்' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். முறை உள்ளவரும் முறை இல்லாதவரும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டால், ஊருக்குத் திரும்பிப் போய்க் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று தயங்குகிறவர்கள் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சம்மதம் கேட்டு 2 மணி நேரம் உட்காருங்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, இறந்தவருக்குக் குறுக்குக்கோடு. 4 தலைமுறை வரையுங்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பமாக இருந்தால், ஏதோ ஒரு இடத்தில் ஒரே ஆள் படத்தில் இரண்டு தடவை வருவார். அதைப் பார்த்ததும் பாட்டியிடம் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றினால் ஆந்த்ரோ எடுங்கள். எரிச்சல் வந்தால் புவியியலுக்கும் அதே 500 மார்க்தான்.