1984இல் தொடங்கியதல்ல

இலங்கையில் போதைக்கு எதிரான அரசின் நடவடிக்கை 1984இல்தான் ஆரம்பித்தது என்று, போதைப் பழக்கம் பற்றிய தொடர் கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1929ஆம் ஆண்டினது. 1984இல் அதைத் திருத்தி ஹெரோயின் கடத்தலுக்கு மரண தண்டனை வரை சேர்த்தார்கள். அதே ஆண்டில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் வந்தது. சிகிச்சைக்கென்று தனிச் சட்டம் வர 2007 ஆகிவிட்டது. அதிலும், விரும்பி வருபவர்களோடு, நீதவான் உத்தரவில் கட்டாயமாக அனுப்பப்படுபவர்களும் அடக்கம்.

இப்படிக் கட்டாயமாக அனுப்புவதன் விலையைக் கட்டுரை தொடவே இல்லை. 2022 ஜூனில் கந்தக்காடு போதைப் புனர்வாழ்வு முகாமில் மோதல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை மறந்துவிட்டாரா?

எங்கள் திருகோணமலையில் பக்கத்து வீட்டு அக்கா, அப்படியொரு முகாமில் இருக்கும் மகனைப் பார்க்கச் சவர்க்காரமும் பிஸ்கட்டும் கட்டிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறுவார். "அங்கே மருந்து ஏதும் கொடுக்கிறார்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "உடற்பயிற்சி செய்விக்கிறார்கள் தம்பி" என்றார்.

ஹெரோயின் பழக்கத்துக்கு மெதடோன் என்ற மாற்று மருந்து உண்டு. 1960களின் நடுவில் நியூயோர்க்கில் டோல், நைஸ்வான்டர் என்ற இரு மருத்துவர்கள் அதைச் சிகிச்சையாக நிறுவினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இன்னும் கிடையாது; உளவியல் ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும்தான் வழி. இந்த இரண்டு பழக்கத்துக்கும் ஆளானவர்களை ஒரே முகாமில், ஒரே ஒழுங்கில் வைத்துத் திருத்தலாம் என்பது எந்த மருத்துவம்? கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இதற்குப் பதில் எழுதட்டும்.