நாலு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஹெட்போன் ஒப்பீட்டு நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று புரியும். பார்க்காதவர்கள் யார், எவர் என்று இன்பாக்ஸில் கேட்க வேண்டாம். ஆளைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை, அவர் சொன்னதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நான்கு ஓபன் பேக் (பின்பக்கம் திறந்த) ஹெட்போன்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம். பன்னிரண்டு நிமிடத்தில் முதலிடம் எது, கடைசி இடம் எது என்று தீர்ப்பு வந்துவிட்டது. "எடை, அழுத்தம், வியர்வை இதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லையே அண்ணா" என்று கேட்டேன். கண்ணாடியும் தோடும் போட்டுக்கொண்டு என்னைப் போல நாள் முழுக்க ஒலி எடிட் செய்கிறவர்களுக்கு அது முக்கியம் என்றும் எழுதினேன். "சுகம் வேணும்னா தலையணை வாங்கிக்கோங்க மேடம், இது சவுண்ட் ஒப்பீடு. தோடு குத்தினா கழற்றி வச்சுட்டு உட்காருங்க" என்றார். உடனே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. அந்த வரிசையில் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள்.

மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். ஸ்டுடியோ ஹெட்போனில் சவுண்ட் தனி, சுகம் தனி என்று பிரிக்கவே முடியாது. தலையில் எப்படி உட்காருகிறதோ அப்படித்தான் காதில் கேட்கும். குஷன் காதைச் சுற்றி எவ்வளவு நன்றாகப் படிகிறது, ஒலி எழுப்பும் டிரைவர் காதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கேட்கிற ஒலியே மாறும். குஷன் அமுங்கிப் பழசானால் டிரைவர் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும், முதல் நாள் கேட்ட சமநிலை இருக்காது. கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கிப் பிடித்தால் அந்த இடுக்கு வழியாகப் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி கொஞ்சம் கசியும். இதெல்லாம் சவுண்ட் இல்லையா? மூன்று நிமிடத்தில் இது எப்படித் தெரியும்?

சென்ஹைசர் எச்டி 600 என்னிடம் ஒன்பது வருடமாக இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் யாரோ போட்டுப் பழகியதைக் கைமாற்றாக வாங்கினேன். 1997இல் வந்த மாடல், மின்தடை 300 ஓம், கேபிள் இல்லாமல் 260 கிராம். மனிதக் குரலை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் ஹெட்போன் அந்த விலையில் எனக்கு வேறு கிடைக்கவில்லை. ஆனால் முதல் மாதம் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். முந்தைய சொந்தக்காரர் அதிகம் போடவில்லை போல, பிடி அப்படியே புதுசு மாதிரி இறுகியிருந்தது. நாற்பது நிமிடத்தில் கண்ணாடிக் காம்புக்கு மேலே நெற்றிப்பொட்டு விண்விண் என்று வலிக்கும். கழற்றுவேன், தேய்த்துவிட்டு மறுபடி போடுவேன். ஒரு ஆடியோ புத்தக வேலையில் கடைசி இரண்டு அத்தியாயங்களை "போதும்டா சாமி" என்று வேகமாக முடித்துக் கொடுத்தேன். வாசித்தவரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சொடுக்குச் சத்தம் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே இருந்தது. முதல் பத்து அத்தியாயங்களில் ஒன்றுகூட விடாமல் எடுத்த அதே காதுதான், அதே ஹெட்போன்தான். வலிதான் கேட்க விடவில்லை. அப்புறம் ஹெட்பேண்டை இழுத்து உள்ளே இருக்கும் உலோகப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன், இரண்டு தடித்த அகராதிகளுக்கு மேல் மாட்டிப் பல இரவுகள் விரித்து வைத்தேன். இப்போது தலையில் இருப்பதே தெரியாது. இதை ஒப்பீட்டில் சொன்னால் புதிதாக வாங்குகிற பிள்ளைக்கு உதவியாக இருக்காதா?

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ இதற்கு நேர் எதிர். 250 ஓம், வெல்வெட் மாதிரி மெத்தென்ற குஷன், காது முழுக்க உள்ளே போய்விடும். ஆறு மணி நேரம் போட்டாலும் எனக்கு வலித்ததில்லை. அதனாலேயே ஏமாந்தேன். பெண் குரலில் வர்ணனை போகும் ஒரு ஆவணப்படம். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளை இந்த ஹெட்போன் தூக்கலாகக் காட்டும். தமிழில் ச, ஸ எல்லாம் கூர்மையாக வந்து விழுகிற இடம் கிட்டத்தட்ட அதுதான். எனக்கு ஒவ்வொரு ஸகரமும் ஊசி மாதிரி கேட்டது. குறைத்தேன், இன்னும் குறைத்தேன். திரையிடும் அரங்கில் கேட்டபோது அந்த அம்மாவின் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வந்தது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். மறுநாள் முழுக்கத் திரும்பச் செய்தேன், காசு வாங்கவில்லை.

"பார்த்தீர்களா, சுகத்தைப் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்" என்று இதை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். சுகத்தை மட்டும் பார்க்கச் சொல்லி நான் எங்கே எழுதியிருக்கிறேன்? இரண்டையும் சேர்த்து, நேரம் கொடுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்டேன். அந்த ஊசிச் சத்தம் மூன்று நிமிடத்துக்குத் "துல்லியம்" என்றே தோன்றும். நேரலையிலும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். இரண்டாவது மணி நேரத்தில் காது களைக்கும்போதுதான் அது துல்லியமா தூக்கலா என்று தெரியும். நாலு மணி நேரம் போட்டுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. நான்கையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றி மாட்டினார். ஏகேஜி கே 702 என்றால் 62 ஓம், எச்டி 600 என்றால் 300 ஓம், ஆடியோ டெக்னிகாவின் ஆர்70எக்ஸ் என்றால் 470 ஓம். ஒவ்வொன்றின் உணர்திறனும் வேறு. ஒரே திருப்பத்தில் ஒன்று சத்தமாகவும் இன்னொன்று மெலிதாகவும்தான் கேட்கும். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் மனிதக் காதுக்குப் பெரும்பாலும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒலி அளவைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீட்டை நான் ஒப்பீடு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். சவுண்ட்தான் முக்கியம் என்று சொன்னவர் சவுண்டுக்காவது அந்த மரியாதையைக் கொடுத்திருக்கலாம்.

கே 702 கேட்கும்போது வாத்தியங்கள் தலைக்கு வெளியே விரிந்து நிற்கும். தம்புராவில் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரத்தை அதில் கேட்க அவ்வளவு ஆசையாக இருக்கும். ஆனால் நான் போட்ட ஜோடியில் தோல்பட்டைக்கு அடியில் வரிசையாகப் புடைப்புகள், உச்சந்தலையில் வகிடு எடுத்த இடத்தில் சரியாக அமுக்கும். ஆர்70எக்ஸ் 210 கிராம்தான், பூ மாதிரி. அதில் நீளம் கூட்டிக் குறைக்கும் பட்டை கிடையாது, இரண்டு சிறகுகள்தான் தலையில் தாங்கும். என்னுடைய சின்னத் தலையில், எண்ணெய் வைத்துப் பின்னிய முடியில், அது வழுக்கிக் கீழே இறங்கிக் காதுமடலில் உட்காருகிறது. பெரிய தலைக்காரர்களுக்குத் தெய்வம் என்கிறார்கள், இருக்கலாம். எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆடிஸி (Audeze) எல்சிடி-எக்ஸ் என்ற ஹெட்போன் 600 கிராமுக்கு மேல். அதன் ஆழமான பேஸைக் கேட்டுச் சொக்கிப் போயிருக்கிறேன். அன்று மாலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"ஸ்பீக்கரில் மிக்ஸ் பண்ணுங்க" என்பவர்கள் எனக்கு வாடகை வீட்டில் ஒலி அடைத்த அறை கட்டிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். "குளோஸ்டு பேக் போடுங்களேன்" என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குரல் பதிவு செய்யும் அறையில் ஓபன் பேக் போட்டால் சத்தம் கசிந்து மைக்கில் ஏறிவிடும், அங்கே நானும் குளோஸ்டுதான் கொடுப்பேன். எடிட்டும் மிக்ஸும் வேறு வேலை. பின்பக்கம் திறந்திருப்பதால் காதுக்குள் அமுக்கம் கட்டாது, பெட்டிக்குள் அடைபட்ட எதிரொலி கலக்காது, குரல் மூச்சு விடும். "சுகம் ஆளுக்கு ஆள் மாறும், அதை எப்படி மதிப்பிடுவது" என்று ஒருவர் பண்பாகக் கேட்டிருந்தார். காதுமடலும்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதற்காகச் சவுண்டைப் பற்றிப் பேசாமலா இருக்கிறோம்?

1968இல் சென்ஹைசர் எச்டி 414 வந்தபோது, மஞ்சள் ஸ்பாஞ்ச் வைத்த அந்த முதல் ஓபன் ஹெட்போனை உலகம் அள்ளிக்கொண்டு போனதற்கு அதன் லேசான எடையும் ஒரு காரணம். காதை இறுக்கி மூடும் கனத்த பெட்டிகளிலிருந்து விடுதலை அது. இந்த வகை ஹெட்போன் பிறந்தபோதே சுகமும் கூடவே பிறந்தது. அதற்கே தலையணை என்று பெயர் வைத்துச் சிரிக்கிறோம்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஓபன் பேக் என்றால் ஃபேன் சத்தம் உள்ளே வரும். ஃபேனை நிறுத்தினால் மே மாதத்தில் குஷன் நனைந்து போகும். ஃபேன் ஓடினால் நம்மை அறியாமல் வால்யூமைக் கூட்டுவோம். 85 டெசிபல் சத்தத்தைக் காது ஒரு நாளில் தாங்குவது எட்டு மணி நேரம்தான் என்பது கணக்கு, 88 ஆனால் அது நாலு மணி நேரமாகப் பாதியாகிவிடும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்கு இடது காதில் எந்நேரமும் ஒரு ரீங்காரம் உண்டு. ராத்திரி அமைதியாக இருந்தால்தான் அதிகம் கேட்கிறது, அதனால் ரேடியோ போட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன் என்பார். அவரும் ஒரு காலத்தில் பொறுத்துக்கொண்டவர்தான்.

நானும் பொறுத்துக்கொண்டேன். சென்னை சாலிகிராமத்தில் ஒலி உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது துணி டேப் சுற்றிய உடைந்த ஹெட்போன். குத்துகிறது என்றால் "உனக்கு இந்த வேலை ஒத்து வராதும்மா" என்பார்கள். அதனால் குத்துகிறது என்று சொல்வதையே விட்டுவிட்டேன். பதினாறு வருடம் கழித்து ஒரு முறை வாய் திறந்து சொன்னேன். பதிலுக்கு வந்தது அந்தச் சிரிப்புப் பொம்மைகள்.

ஹெட்போனை அளக்க ஒரு பொம்மை வைத்திருக்கிறார்கள், கெமார் என்று பெயர், 1972இல் வந்தது. சராசரி மனித உடம்பின் அளவில் செய்தது. அதற்குக் கண்ணாடி இல்லை, ஜடை இல்லை, தோடு இல்லை, வியர்க்காது, வலிக்காது. அளப்பதற்கு அது தேவைதான், நானும் அந்த வரைபடங்களைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் அந்தப் பொம்மைக்காக நாம் மிக்ஸ் செய்யவில்லை, அந்தப் பொம்மையும் நமக்காக வேலை செய்யவில்லை. வலிக்கிற தலைகள்தான் வேலை செய்கின்றன. என் தலையும் அதில் ஒன்று. என் தோட்டைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால், ஒரு நிமிடம், என் காதில் அது எப்படிக் கேட்கிறது என்று கேட்டிருக்கலாமே அண்ணா?

வருகிற ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை என் வீட்டு மேசையில் எச்டி 600, டிடி 990, இரவல் வாங்கிய கே 702 மூன்றும் இருக்கும். ஒலி அளவைச் சமப்படுத்தி வைத்திருப்பேன். ஒரே குரல் பதிவுதான். ஒருவர் ஒரு ஹெட்போனை மட்டும் எடுத்துக்கொண்டு முழுக்க எடிட் செய்ய வேண்டும், ஃபேன் ஓடாது. சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் வரலாம், அண்ணனுக்கும் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன். மதியச் சாப்பாடு என் பொறுப்பு. நான் தோடு போட்டபடிதான் உட்காருவேன்.