குணம்தான் காரணமா?

இலங்கை ஏன் முன்னேறவில்லை என்று கொழும்பில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எங்கட ஆட்களின்ட குணம் அப்படி" என்பதுதான். சோம்பல், ஒழுங்கின்மை, பொறாமை என்று ஒரு பட்டியலும் பின்னாலேயே வரும். ஆட்சி செய்தவர்களின் பொறுப்பை மக்களின் தலையில் இறக்கிவைக்கும் பதில் இது என்பதால், இதை மறுத்து எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. அதன்பின் வந்த மாதங்களில் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசைகள் நின்றன. சண்டைகள் மூண்டன, தெரிந்தவர் இருந்தால் முன்னால் போகலாம் என்ற பேச்சு எங்கும் இருந்தது. ஆகஸ்டில் கியூஆர் முறை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து, ஒவ்வொரு வாகனத்துக்கும் வாராந்த அளவு நிர்ணயமானதும் அந்த வரிசைகள் சுருங்கத் தொடங்கின. எரிபொருள் கப்பல்கள் வந்ததும், விலை உயர்ந்து பாவனை குறைந்ததும் இதற்குத் துணைசெய்தன என்பது உண்மை. ஆனாலும் முந்தியடித்தவர்களும் பொறுமையாகத் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களும் அதே மனிதர்களே. தனக்குரிய பங்கு தனக்குக் கிடைக்கும் என்று நம்ப முடிந்தபோது அவர்களின் நடத்தை மாறியது.

நாடுகளின் அளவில் இதையே, அதாவது மக்களின் குணத்தைவிட விதிகளும் அமைப்புகளும்தான் செழிப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை, ஆராய்ந்தவர்கள் டாரன் அசெமோக்லு, சைமன் ஜோன்சன், ஜேம்ஸ் ரொபின்சன் ஆகிய மூவர். 2024இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மொழியும் ஒரே பண்பாடும் கொண்ட மக்கள் 1945இல் பிரிக்கப்பட்டபோது, ஜப்பானியர் விட்டுச்சென்ற கனரகத் தொழிற்சாலைகளில் பெரும்பங்கு வடக்கில்தான் இருந்தது. இன்று எந்தப் பாதி செழித்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் சமூக விழுமியங்களுக்கு இடமே இல்லையா? இருக்கிறது; பொட்ஸ்வானா அதற்கு நல்ல சான்று. 1966இல் சுதந்திரம் பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக இருந்த அந்த நாட்டில், அடுத்த ஆண்டே வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. சனாதிபதி செரெட்சே காமா, கனிம உரிமையைத் தன் சொந்தக் குலத்திடம் விட்டுவைக்காமல் அரசிடம் ஒப்படைத்தார். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் தலைவனை நேரடியாகக் கேள்வி கேட்கும் பழைய மரபு அங்கே உயிருடன் இருந்ததால், அந்தச் செல்வத்துக்குக் கணக்குக் கேட்பது மக்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. வைரத்தை மட்டும் நம்பியிருப்பதன் சிக்கலை இன்று அவர்களும் அனுபவிக்கிறார்கள் என்றாலும், அத்தனை பதிற்றாண்டுகள் அந்த விதி நிலைத்ததற்கு அதைக் காக்கும் சமூகம் இருந்ததும் ஒரு காரணம்.

எங்கள் குறை இங்கேதான் இருக்கிறது. உயர் நீதிபதிகளையும் பொலிஸ், தேர்தல் ஆணைக்குழுக்களையும் சனாதிபதி தன் விருப்பப்படி நியமிப்பதைத் தடுக்க, 2001இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கியது. 2010இல் 18ஆம் திருத்தம் அதை 161 வாக்குகளால் அகற்றியது. 2015இல் 19ஆம் திருத்தம் 212 வாக்குகளால் மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் 156 வாக்குகளால் மீண்டும் நீக்கியது. 2022இல் 21ஆம் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 18க்கும் 19க்கும் ஆதரவாகக் கை உயர்த்தியவர்கள் பலர் ஒரே ஆட்கள். தேர்தல்களில் இது ஒருபோதும் பெரிய பேச்சாக எழவில்லை என்பதே என் மனதை அதிகம் வருத்துகிறது. 2019 டிசம்பரில் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டபோதும், 2021இல் இரசாயன உரம் ஒரே இரவில் தடைசெய்யப்பட்டபோதும், தடுத்து நிறுத்தும் வலுவுள்ள அமைப்பு ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை.

புறக்கோட்டையில் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் வியாபாரிகளைப் பார்ப்பவர்கள், எங்களிடம் நம்பிக்கை என்ற பண்பு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த நம்பிக்கை உறவு, ஊர், இனம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அறியாத ஒருவருடன் ஒப்பந்தம் செய்து அது முறிந்தால், வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே பங்காளியைக் குடும்பத்துக்குள் தேடுகிறோம், வியாபாரமும் அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. தமிழருக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. 1948இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்ததும், 1956இல் ஒரு மொழியை மட்டும் அரசகரும மொழியாக்கியதும் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள்தான். சட்டத்தாலேயே வெளியே தள்ளப்பட்ட மக்கள் அரசின் அமைப்புகளை நம்பவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது. அந்த மக்களின் உழைப்பும் திறமையும் பயன்படாமல் போனதன் இழப்பை முழு நாடும் சுமந்தது.

பொருளாதாரத்தைக் குலைத்தவர்கள் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அதை நான் வரவேற்கிறேன்; ஆனால் தீர்ப்பு நடந்து முடிந்ததற்குத்தான். இனி நடக்காமலிருக்க, அரசியலமைப்புப் பேரவை பற்றிய அத்தியாயத்தை 83ஆம் உறுப்புரையின் பாதுகாப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் கோருகிறேன். அப்போது மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சர்வசன வாக்கெடுப்பும் இல்லாமல் எந்த அரசும் அதைத் தொட முடியாது. 83ஆம் உறுப்புரையைத் திருத்துவதற்கே சர்வசன வாக்கெடுப்பு தேவை என்பதால், இந்தக் கேள்வி ஒரு முறையாவது எங்கள் ஒவ்வொருவரிடமும் நேரடியாகக் கேட்கப்படும்.