கேட்டுக்கு அடித்த மிச்ச பெயின்ட்

என் பழைய ஈயக் குதிரைவீரன் பொம்மைக்குத் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை புதுப் பெயின்ட் அடித்துக் குடும்ப குரூப்பில் போட்ட படத்தை உங்களில் பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது. "சூப்பர்", "புத்தம் புதுசு மாதிரி இருக்கு" என்று கைதட்டல் வேறு. புதுசு மாதிரி இருப்பதுதான் சாமி என் வயிற்றெரிச்சலே.

மாப்பிள்ளை நல்ல மனசோடுதான் செய்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தங்கச்சி ஒரு மாசம் பேசமாட்டாள். ஆனால் எழுபது வருஷத்துப் பொம்மையை யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்களா? தேய்த்துவிட்டு, கேட்டுக்கு அடித்ததில் மிஞ்சிய சில்வர் எனாமலைக் குதிரை, வீரன், ஈட்டி எல்லாவற்றுக்கும் ஒரே சீராக அடித்து, "மச்சான், பளபளன்னு ஆக்கிட்டேன் பாருங்க" என்று நீட்டுகிறார். நானும் சிரித்தேன். மாப்பிள்ளையாயிற்றே.

அது பிரிட்டன்ஸ் என்கிற இங்கிலாந்துப் பொம்மைக் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த அஜின்கோர்ட் வரிசைக் குதிரைவீரன். 1415-ல் இங்கிலாந்துக்காரன் பிரான்ஸில் போய் ஜெயித்த சண்டை அது. வடிவமைத்தவர் ராய் செல்வின்-ஸ்மித். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தைச் சட்டென்று கவிழ்த்துவிடுவார்கள். வெளியே தோல் மட்டும் நிற்கும், உள்ளே காலி. 1893-லேயே அந்தக் கம்பெனி பிடித்த வித்தை, 1966-ல் நிறுத்திவிட்டார்கள். இனி வராது. பழைய பொம்மை சேர்க்கிறவன் எவனும் முதலில் கேட்பது "பெயின்ட் ஒரிஜினலா?" என்றுதான். பாதி உதிர்ந்த ஒரிஜினலுக்கு இருக்கிற மரியாதை, முழுசாக அடித்த புதுப் பெயின்ட்டுக்குக் கிடையாது.

"வித்தா எவ்ளோ வரும்?" என்று கேட்காதீர்கள். விற்கிறவனாக இருந்தால் இவ்வளவு எழுதுவேனா?

அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார். சரக்கு பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர், "உன் பையனுக்குக் கொடு" என்று தந்தது இது. கைக்குட்டையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலூர்க் கோட்டைக்குப் போனால் இது என் டவுசர் பாக்கெட்டில் இருக்கும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் அப்போது சாமி கிடையாது; சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981-ல்தான் திரும்பி வந்தது. ஆள் நடமாட்டமில்லாத கல்யாண மண்டபத்தில், முன்னங்காலைத் தூக்கி நிற்கும் கல்குதிரைக்குக் கீழே என் ஈயக்குதிரையை நிறுத்திச் சண்டை விடுவேன். அப்பா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

"வெள்ளைக்காரன் பொம்மைக்கு ஏன் இவ்வளவு ஒப்பாரி?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, 1806-ல் அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்தது எனக்கும் தெரியும். அந்தச் சிப்பாய்களுக்கும் இந்தப் பொம்மைக்கும் என்ன பகை? நீங்கள் கிரிக்கெட் பார்ப்பதில்லையா?

"ஐம்பத்தஞ்சு வயசுல பொம்மையா?" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. அவர்கள் வீட்டு ஷோகேஸில் பிரிக்காத டீ கப் செட் இருபது வருஷமாக நிற்கிறது. அதை நான் கேட்டேனா?

ஒரு அக்கா மட்டும் நியாயமாகக் கேட்டார்: "நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது பொம்மைகளைத் தங்கச்சி வீட்டில் வைத்தவன் நான்தான். சரி, தப்பு என்னுடையதும்தான். ஆனால் அடுத்தவன் பொருளைத் தொடுவதற்கு முன்னால் ஒரு போன் போட எத்தனை ரூபாய் ஆகும்? இன்னொன்று. படத்தில் நியூஸ்பேப்பர் முழுக்க ஈயத்தூள், பக்கத்தில் தவழும் குழந்தை. அதைப் பற்றி ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. லைக் மட்டும் நாற்பது.

குதிரையின் முதுகில், சேணத்துக்குப் பின்னால், நீலப் பெயின்ட் தேய்ந்து ஈயம் தெரியும். என் கட்டைவிரல் சரியாக அங்கே உட்காரும். எத்தனையோ வருஷம் பிடித்துப் பிடித்து வழுவழுவென்று ஆன இடம். இப்போது அங்கேயும் சில்வர். நேற்று ராத்திரி விரலை வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது. சரியாகக் காயக்கூட இல்லை.

தின்னர் போட்டு சில்வரைக் கரைக்கும் யோசனையோடு இன்பாக்ஸுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். அடியில் ஏதாவது நீலம் மிஞ்சியிருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி போன். "அண்ணா, அவர் போட்ட படத்துக்கு நீ மட்டும்தான் லைக் போடலை, மூஞ்சி தொங்கிப்போச்சு அவருக்கு" என்றாள்.

போட்டுவிட்டேன்.