வளைவுக்கு முன்னால் மட்டும் நின்றால் போதாது

நியூயார்க் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் அங்குள்ள ஒரு மரத்தில் ஆட்களைத் தூக்கிலிட்டார்கள் என்ற 'தூக்கு மரம்' கதையை அப்படியே நம்பிவிட்டீர்களே! வடமேற்கு மூலையில் நிற்கும் அந்தப் பழைய எல்ம் மரத்தில் யாரையும் தூக்கிலிட்டதாகப் பதிவு எதுவும் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்தக் கதைதான் பிடிக்கிறது, என்ன செய்ய!

உண்மைக் கதை காலடியிலேயே இருக்கிறது. 1797 முதல் 1825 வரை அந்தப் பூங்கா இருக்கும் இடம் ஏழை எளியவர்களைப் புதைத்த இடுகாடு. மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்களும் அங்கேதான். கிட்டத்தட்ட 20,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள். அதன் மேல்தான் இன்று பிள்ளைகள் நீரூற்றில் ஆடுகிறார்கள்.

அப்புறம், 1950களில்கூட அந்தப் பூங்காவுக்குள் பேருந்துகள் ஓடின. நீரூற்றைச் சுற்றித்தான் அவை திரும்பும். நகரின் சாலை, பூங்காத் திட்டங்களைக் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் பூங்காவைப் பிளந்து பெரிய சாலையே போடப் பார்த்தார். ஷெர்லி ஹேய்ஸ் என்ற தாய் அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டி எதிர்த்தார். நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸும் சேர்ந்துகொண்டார். கடைசியில் வண்டிகளுக்கே வழி அடைக்கப்பட்டது. எந்த வழிகாட்டியும் இதற்கு இரண்டு நிமிடமாவது ஒதுக்க வேண்டும்.

போகிறவர்கள் பூங்காவின் வடக்கே நிற்கும் பளிங்கு வளைவின் வடக்கு முகத்தைப் பாருங்கள். ஒரு தூணில் படைத்தலைவர் வாஷிங்டன், மறு தூணில் குடியரசுத் தலைவர் வாஷிங்டன். மேற்குத் தூணில் ஒரு சின்னக் கதவும் உண்டு. 1917 ஜனவரியில் ஓவியர் ஜான் ஸ்லோன், மார்செல் துஷாம்ப் முதலியோர் அதன் வழியே மேலே ஏறி, அந்தப் பகுதியைத் தனிக் குடியரசு என்று அறிவித்தார்கள். இப்போது அந்தக் கதவு பூட்டியே கிடக்கும்.