நைக்கி நிறுவனர் வேலையை உதறிவிட்டா குதித்தார்?

"தோல்விப் பயம் உள்ளவன் தொழிலுக்கு லாயக்கில்லை, நைக்கியின் ஃபில் நைட் வேலையை உதறிவிட்டுக் குதித்தார்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நடந்தது வேறு. 1964-இல் அவரும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு இந்த ஷூ கம்பெனியைத் தொடங்கினார்கள். நைட்டுக்குக் கணக்காளர் வேலை, பிறகு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பாடம். மிஞ்சிய நேரத்தில் கார் டிக்கியில் ஜப்பான் ஷூக்களை அடுக்கிக்கொண்டு ஓட்டப்பந்தய மைதானங்களில் விற்பனை. சம்பளத்தை விட்டது 1969-இல்தான். ஐந்து வருடம்! ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஹெச்பி நிறுவன வேலையை விட முதலில் மறுத்தவர்தான். பயம் தள்ளிப்போட வைக்கும், உண்மை. ஆனால் எவ்வளவு போனால் தாங்கும் என்று கணக்குப் போட வைப்பதும் அதுதான். இப்படி எழுதுவதைப் படித்துவிட்டு வீட்டை அடமானம் வைக்கக் கிளம்பும் தம்பிகள் இருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை விளக்கம்.