விட்பியைப் படிக்கட்டோடு முடித்துவிட வேண்டாம்
இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் விட்பி ஊரில் நடந்து பார்க்க வேண்டியது 199 படிகளும் மேலே இடிந்து நிற்கும் மடாலயமும்தான், கீழே துறைமுகம் வெறும் கடைத்தெரு என்று இந்தப் பயணக் கட்டுரையை எழுதியவர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மடாலயம் பெரிய இடம்தான், 657-ல் தொடங்கும் வரலாறு அதற்கு. ஆனால் உலகக் கடல் வரலாற்றில் இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த வேலையெல்லாம் எஸ்க் ஆற்றங்கரையில் நடந்தது. கிரேப் லேன் சந்துக்குள் ஜான் வாக்கர் என்ற கப்பல் முதலாளியின் வீடு இருக்கிறது. பின்னாளில் பெரிய கடற்பயணியான ஜேம்ஸ் குக், 1746-ல் கப்பல் தொழில் பழக வந்து சேர்ந்தது அவரிடம்தான். இன்று அந்த வீடு குக் அருங்காட்சியகம். குக் உலகைச் சுற்றிய எண்டெவர், 1764-ல் நிலக்கரி ஏற்றிச் செல்வதற்காக இங்கே கட்டிய கப்பல். அடிப்பாகம் தட்டை, அதனால் கரையேற்றி நிறுத்தலாம். 1770-ல் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் மோதி ஓட்டை விழுந்தபோது, ஓர் ஆற்றுமுகத்தில் அப்படித்தான் கரையேற்றிப் பழுதுபார்த்தார்கள். குக்கின் அடுத்த பயணங்களுக்குப் போன ரெசல்யூஷன், அட்வென்சர், டிஸ்கவரி ஆகிய மூன்று கப்பல்களும்கூட விட்பியில் கட்டியவைதான். எங்களை அழைத்துப்போன வழிகாட்டி ஆற்றோரத்தில் நின்று இதைச் சொன்ன பிறகுதான் ஊரே எனக்குப் புரிந்தது. அப்புறம், முழங்கால் வலியோடு போகலாமா என்று மேலே கேட்டிருக்கும் நண்பருக்கு: ஆற்றங்கரைப் பகுதி பெரும்பாலும் சமதளம், சர்ச் தெருவில் மட்டும் கல் பாவியிருக்கும், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மடாலயத்துக்குப் படியேறவே வேண்டாம், பின்பக்கச் சாலையில் கார் மேலே வரை போகும்.